பதிவேட்டிலிருந்து எழுந்து நின்றவர்கள்

தேநீர் குடிக்கப் போகிற அவசரத்தில் தசமம் பெயர்களை அழிக்காமல் விட்டுவிட்டதால், அந்த நகரத்தில் ஆட்டிசம் என்று பதிவான இளையவர்கள் அத்தனை பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுகாதார அலுவலகத்தின் மூன்றாவது மாடி நடைவழியில் எழுந்து நின்றார்கள். தசமம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஆயிரத்துக்குப் பதினேழு பேர் என்று யாராவது சொல்லிவிட்டால், “பதினேழு புள்ளி நாலு” என்று திருத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது. அலுவலகம் சூட்டிய பட்டம் அது. அவருடைய வேலை இதுதான்: பிறப்பு, மருத்துவமனை, பள்ளி, மருந்தகம் என்று நான்கு பதிவேடுகளை ஒன்றாக இணைத்து, எத்தனை இளையவர்களுக்கு ஆட்டிசம், எந்த வயதில் கண்டறிந்தார்கள் என்று பார்த்துச் சொல்வது. ஒரு கதவையும் தட்டாமல், ஊர் ஏற்கெனவே எழுதிவைத்ததை வைத்தே ஊரைப் பற்றிச் சொல்லிவிட முடியும் என்பதில் அந்த அலுவலகத்துக்குத் தலைகால் புரியாத பெருமை உண்டு. விதி ஒன்றுதான். முதலில் பெயரை அழித்து மறைவு எண் போட வேண்டும், அப்புறம்தான் இணைக்க வேண்டும். தசமம் முதலில் இணைத்தார். வந்து அழித்துக்கொள்ளலாம் என்று படியிறங்கினார்.

அவர் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. ஒரு பதிவேட்டிலிருந்து பிறந்த தேதி, இன்னொன்றிலிருந்து உயரம், மற்றொன்றிலிருந்து எடை, வேறொன்றிலிருந்து இரவில் தூக்கம் வராமல் வாங்கிய மருந்து என்று எல்லாம் ஒரே இடத்தில் கூடின. ஒருவர் எழுந்து நிற்பதற்கு இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது போலிருக்கிறது. தசமம் திரும்பி வந்து, வெளிறிப்போய், அழிக்கும் பொத்தானை அழுத்தினார். பெயர்கள் போயின. முகங்கள் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கின. ஆட்கள் மட்டும் போகவில்லை. அவரவர் வீட்டிலும் இருந்தார்கள், இங்கேயும் இருந்தார்கள். பிறந்த தேதி வாரியாக, சுவரோரம், மூத்தவர் மாடிப்படிப் பக்கமும் இளையவர் லிஃப்ட் பக்கமுமாக நின்றார்கள். இத்தனை பேருக்கு அந்த நடைவழி எப்படிப் போதும் என்று பொறியாளரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார்கள். பழைய நீளம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

இயக்குநர் அம்மா வந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தார். முகம் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றார் தசமம். பேர் என்றார். அழித்தாயிற்று என்றார்.

“அப்ப விதிமீறல் இல்ல. நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அப்படியே நின்றார்கள். ஒருவன் விரல்களைக் கண்ணுக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தி குண்டூசிகளை நீளவாரியாக அடுக்கினாள், அந்த அலுவலகத்தில் முதன்முறையாகக் குண்டூசி தேடாமல் கிடைத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கும் சின்னக் குடியிருப்புகளை அட்டவணையில் எண்ணாகப் போடாமல் நட்சத்திரக் குறியால் மறைப்பது வழக்கம். அந்த இடத்துப் பிள்ளைகள் மட்டும் மாலை ஆனால் லேசாக மினுங்கினார்கள். அந்தப் பக்கத்துக் குழல்விளக்கு கெட்டபோது யாரும் மாற்றக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள்தான் இடைவெளிகளைக் கவனித்தார்கள். வரிசையில் அங்கங்கே ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது. நகர்ந்து நிற்கச் சொன்னால் நகரமாட்டார்கள். நாற்காலி போட்டால் நாற்காலி காலையில் எதிர்ச்சுவரோரம் இருக்கும். மருத்துவமனைப் பதிவேட்டைக் கவனிக்கும் அம்மாளிடம் இது என்ன என்று தசமம் கேட்டார். “உங்க முன்பல்லு சந்து மாதிரிதான் சார், சிலருக்குப் பிறவியிலயே இருக்கும்” என்றாள் அவள். அவளைக் குறை சொல்ல முடியாது. தசமத்திடம் யார் எதைக் கேட்டாலும் கிண்டலாகத்தான் பதில் வரும். வருஷக்கணக்காக அதை வாங்கியவர்கள் இப்போது வட்டியோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் அம்மாதான் கண்டுபிடித்தார். பதிவேடு யாரை எண்ணும்? மருத்துவரின் வாசலுக்கு வந்தவரை எண்ணும். வராதவர் ஆட்டிசம் இல்லாதவர் ஆகிவிடுவதில்லை, எண்ணப்படாதவர் ஆகிறார், அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் நிற்கும் பக்கமெல்லாம் இடைவெளி அதிகமாக இருந்ததைக் காட்டி, இவள் அமைதியான பெண், இவள் கூச்சப்படுகிறாள் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்ட பிள்ளைகளின் இடம் இது என்றார். உலகத்தில் எந்தப் பதிவேடும் தான் விட்டுவிட்டவர்களுக்கு இடம் ஒதுக்கி நிற்பதாகக் கேள்விப்பட்டதில்லை என்று, சொந்தப் பிள்ளை பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல் சொன்னார். ஒவ்வொரு இடைவெளிக்கும் இரண்டு பக்கத்துப் பிறந்த தேதியைக் குறித்துத் தருமாறு தசமத்திடம் சொன்னார். தசமம் குறித்துக் கொடுத்தார். லிஃப்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர்க் குழாய்க்கு அருகே இருந்த ஓர் இடைவெளியை மட்டும் விட்டுவிட்டார். அதன் ஒரு பக்கத்தில் நின்ற பையனும் மறுபக்கத்தில் நின்ற பையனும் பிறந்த தேதிகளுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அந்த நாளில் அவர் மகப்பேறு வார்டு வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

மகளுக்குப் பதினேழு வயது. சட்டைக் கழுத்தின் துணிச்சீட்டைக் கத்தரித்தால்தான் போடுவாள். விருந்தாளிகள் வந்தால் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். ஊரில் உள்ள லிஃப்டுகளின் சத்தத்தைப் பதிவு செய்துவைத்து, எது எண்ணெய் கேட்கிறது, எது இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் பயிற்சியில் சேர வேண்டும் என்பதுதான் அவள் கேட்ட ஒரே விஷயம். அதற்குப் பள்ளி இறுதித் தேர்வு தேறியாக வேண்டும். போன வருஷம் பெரிய கூடத்தில் மின்விசிறி கடகடக்க, கண்காணிப்பாளரின் செருப்பு சரசரக்க, வெற்றுத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். மருத்துவர் சான்று கொடுத்தால் தனி அறையில் எழுதலாம். சான்று வேண்டுமென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். தசமம் நாளைக்கு நாளைக்கு என்றார். இந்த வருஷத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து தருபவள். யாருக்கு எந்தப் பல் இல்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்கிற கண். அவள் ஒருநாள் அச்சில் மெழுகை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் புள்ளி வெச்சு எண்றீங்க. வீட்ல இருக்கறவளை ஒண்ணுன்னு எண்ண மாட்டேங்கறீங்க.”

“சொந்தக்காரங்களை ஆய்வுல சேக்கக் கூடாதும்மா. பாரபட்சம் வந்துரும்.”

அவள் சிரிக்கவில்லை. அச்சை ஆற வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். தசமத்துக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்று உள்ளே இருந்தது. அட்டவணைகளைப் போட்டவரே அவர்தான். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் பள்ளியைப் பாதியில் விட்டார்கள், எந்தக் கட்டத்தில் எண் சின்னதாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மகளை அந்தக் கட்டத்துக்குள் தன் கையாலேயே போட அவருக்கு மனசு வரவில்லை.

அதற்குள் நடைவழியைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பேருந்து ஓட்டுநர் சீருடையோடு வந்தார். விரல் ஆட்டுகிறவனுக்குப் பின்னால் போய் நின்றார், நகரவில்லை. யாரையும் அடையாளம் காட்டக் கூடாது என்று தசமம் விதியைச் சொன்னார்.

“நான் யாருகிட்ட சார் சொல்லப்போறேன், பெத்த எனக்கு அவனைத் தெரியாதா. முதுகு போதாதா?” என்ற ஓட்டுநர், வெளியே போகும்போது திரும்பி, “முன்வரிசையில நிக்கிறான் பாத்தீங்களா” என்றார். முன்வரிசை பின்வரிசை என்று அங்கே ஒன்றும் கிடையாது. தசமம் திருத்தவில்லை. ஒரு தப்பைத் திருத்தாமல் விட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்த வாரமே மகள் வந்தாள். அப்பாவைப் பார்க்க அல்ல. அலுவலக லிஃப்டுக்குப் புதுக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதன் சத்தத்தைக் கேட்க. மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் வெளியே வந்தாள். அதுவரை யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத வரிசை அப்போதும் பார்க்கவில்லை, ஆனால் தண்ணீர்க் குழாய்க்கு அருகே நின்ற இரண்டு பையன்களும் முழங்கைகளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவள் நேராகப் போய், பையைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடைவெளியில் நின்றாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

“இங்க சத்தம் கம்மியா இருக்கு” என்றாள்.

ஒரு கிண்டல் சொல்ல வாயைத் திறந்த தசமம், அதை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். மனைவியைக் கூப்பிட்டு, நாளைக்கு மருத்துவரிடம் போகலாம், எனக்கு விடுப்பு இருக்கிறது என்றார். மறுமுனையில் மெழுகு அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

பிறகு நடந்தவை அலுவலகக் குறிப்புகளில் உள்ளன. மகள் பரிசோதிக்கப்பட்டாள், பதிவேட்டில் எழுதப்பட்டாள். சொந்தக்காரர் என்பதால் அந்தத் தடவை இணைக்கும் பொத்தானை மருத்துவமனைப் பதிவேட்டு அம்மாள்தான் அழுத்தினாள். பெயரை முதலில் அழித்துவிட்டு. இருந்தும், தண்ணீர்க் குழாய்க்கு அருகே கழுத்துச் சீட்டைக் கத்தரித்த சட்டையோடு முகம் மங்கிய ஒருத்தி நின்றாள். அவ்வளவு பெரிய ஊரில் ஒரு ஆள் கூடினால் விகிதத்தில் எதுவும் அசையாது என்று தசமத்துக்குத் தெரியும். ஆனாலும் புள்ளிக்குப் பின்னால் ஒவ்வொரு இலக்கமாகப் போய்க்கொண்டே இருந்தார். நான்காவது இடத்தில் அசைந்தது. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தன் அலமாரிக் கதவில் ஒட்டினார், வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். என்ன எண் என்று கேட்டவர்களிடம், “எம் பொண்ணு” என்றார்.

இடைவெளிகளைக் கணக்கில் கொண்ட அறிக்கை வெளியானது. அதைப் படித்த ஊர்கள் தங்கள் பதிவேடுகள் யாரை விட்டிருக்கின்றன என்று தேடின. பெண்பிள்ளைகளுக்கென்று மருத்துவமனையில் தனி நாள் ஒதுக்கினார்கள். நடைவழியில் வருஷத்துக்கு வருஷம் இடைவெளிகள் நிரம்பின, நிரம்பும்போதெல்லாம் அலுவலகத்தில் யாராவது இனிப்பு வாங்கி வந்தார்கள். மகள் தனி அறையில் தேர்வு எழுதினாள், பயிற்சிக்குப் போனாள், ஊரின் பாதி லிஃப்டுகள் அவள் பொறுப்புக்கு வந்தன. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல்நாள், கழிப்பறை அந்தப் பக்கம், அச்சு இயந்திரம் இந்தப் பக்கம், இவர்கள் நம்மவர்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தசமம் ஓய்வு பெற்ற நாளில் மகள் அந்த லிஃப்டைச் சோதிக்க வந்திருந்தாள். வரிசையில் நிற்கும் தன்னைத் தாண்டி வந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற ஆளிடம் என்ன விசாரிக்க. அப்பாவும் மகளும் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். அத்தனை வருஷமாகக் கேட்காததை, கிண்டல் எதுவும் கலக்காமல், அப்போதுதான் அவர் கேட்டார்.

“உன்னை அவ்வளவு லேட்டா எண்ணினேனே. அதுல உனக்கு எம்மேல கோபமாம்மா?”

மகள் கதவுக்குப் பின்னால் கம்பி இழுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுச் சொன்னாள்.

“ஆமாப்பா. ரெண்டு வருஷம் கோபம் இருந்துச்சு. இப்ப இல்ல. லிஃப்ட் வந்துருச்சு, ஏறுங்க.”