மருந்து ரூம் மக்ரோனி

ஃபரீத் வீட்டில் ஒரு பெரிய குக்கர் இருந்தது. அதற்குள் எப்போதும் அரிசி இருக்கும். சோறு மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை.

கல்யாணத்துக்கு மாமியார் பீவி ஜான் வாங்கிக்கொடுத்த குக்கர் அது. வீட்டுக்கு வந்த வாரமே ஃபரீத் அதன் வெயிட்டைக் கழற்றிச் சீரக டப்பாவுக்குள் போட்டான். ரப்பர் வளையத்தை உருவி ஆணியில் மாட்டினான். உள்ளே அரிசியைக் கொட்டி, மூடியை மேலே சும்மா கவிழ்த்து வைத்துவிட்டான். மனைவி சுமைரா முதலில் சிரித்தாள், அப்புறம் சண்டை போட்டாள், அப்புறம் திறந்த சட்டியிலேயே பருப்பு வேகவைக்கப் பழகிக்கொண்டாள்.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவன் மருந்து ரூம் ஃபோர்மேன். மருந்து என்றால் இங்கே யாரும் மாத்திரையை நினைப்பதில்லை. வெடிக்கு உள்ளே போகும் பொடிக் கலவைக்குத்தான் அந்தப் பெயர். அந்தக் கலவையில் ஒரு சிட்டிகை தரையில் கிடந்து தீப்பிடித்தால் 'புஸ்' என்று எரிந்து புகையாகப் போய்விடும். அதே சிட்டிகையைக் காகிதத்தில் பொதிந்து சணலால் இறுக்கிக் கட்டிவிட்டால் 'டமார்'. பொடி ஒன்றுதான். வெளியே போக வழி இருந்தால் அது நெருப்பு, வழி இல்லாவிட்டால் அது வெடி. இறுக்கி மூடியது எதுவாக இருந்தாலும் சூடு காட்டக் கூடாது என்பது ஃபரீத்தின் எலும்புக்குள் இறங்கிவிட்டது.

குக்கரின் தலையில் ஆவி வெளியேற ஒரு வழி இருக்கிறது, அதனால்தான் அது விசில் அடிக்கிறது, ஆகவே அது வெடிக்கு நேர் எதிரான சாமான் என்பதெல்லாம் அவன் அறிவுக்கு நன்றாகத் தெரியும். கால்களுக்குத்தான் தெரியாது. பக்கத்து வீட்டு ராமுத்தாய் அக்காவின் அடுப்பில் விசில் வந்தால், இவன் இங்கே சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் நிற்பான்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீவி ஜான் ஆலங்குளத்திலிருந்து வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய பை இருந்தது. பை காலியாக இருந்தது. அதைப் பார்த்ததுமே சுமைராவுக்குப் புரிந்துவிட்டது: தன் துணிமணியை அடுக்கிக்கொண்டு போகத்தான் அம்மா வந்திருக்கிறார்.

சுமைராவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்போது போவது என்பதில்தான் இழுபறி. சுமைரா ஒரு அச்சகத்தில் தினசரிக் காலண்டர் வடிவமைக்கிறவள். சீசன் சூடுபிடித்திருந்தது. முழுக்க முழுக்க அவளே பார்த்துப் பார்த்துச் செய்த முதல் காலண்டர் கம்ப்யூட்டரில் பாதியில் நின்றது. ஒன்பதாம் மாதம் வருகிறேன் என்று போனில் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள்.

பீவி ஜான் மகளை உட்காரவைத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளத்தாச்சி மூஞ்சியாடி இது? கன்னத்து எலும்பு தெரியுது. டாக்டரம்மா எடை ஏறலைன்னு சொன்னதை எங்கிட்ட மறச்சிட்டீல்ல? மாப்பிள்ளை, நீங்க தப்பா நினைக்காதீக. காலையில மொத பஸ்ஸுல இவளைக் கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா, சீசன்மா. நான் பாதியில விட்டா என் காலண்டர வேற ஆளுகிட்டக் குடுத்துருவாக."

"காலண்டர நீ அடிக்காட்டியும் பொழுது விடியும்டி."

"வயித்துல எரிச்சலா இருக்கு, அதான் சாப்பிட முடியல. அங்கன வந்தா மட்டும் எரியாதா?"

"அங்கன வாய்க்குப் புடிச்சதை ஆக்கிப்போட நான் இருக்கேன். இங்கன யாரு இருக்கா?"

"நான் இருக்கேன் மாமி. நான் ஆக்குறேன்" என்றான் ஃபரீத். சொன்ன பிறகுதான் சொன்னது தான்தான் என்று அவனுக்கே உறைத்தது.

பீவி ஜான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுக்க வேண்டும், அதனால் கொஞ்ச நேரம்தான் சிரித்தார்.

"சரி. இன்னைக்குப் பொழுதுசாய நீங்களே ஆக்குங்க. இவ ஒரு தட்டு நிறைய, மிச்சம் வைக்காமத் தின்னுட்டா நான் வெறும் பையோட பஸ் ஏறிருதேன். நாலு வாய் தின்னுட்டுத் தட்டத் தள்ளுனா, பை நிறஞ்சிரும். என்ன சொல்றீக?"

ஃபரீத் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடி யோசித்தாள். இரண்டு மாதமாக எந்தச் சாப்பாட்டை நினைத்தாலும் முகம் சுளிக்கிறவள், இப்போது மெதுவாகச் சொன்னாள்.

"மக்ரோனி. கொத்துக்கறி போட்டு. மதுரையில படிக்கும்போது ஹாஸ்டல் பக்கத்துக் கடையில ஒரே சட்டியில எல்லாத்தையும் போட்டுக் கொழகொழன்னு குடுப்பாக. குழாய் மாதிரி இருக்கும்ல, அந்த மக்ரோனி."

"மாட்டுக்கறிய மக்ரோனில போட்டு என்னத்த வேக?" என்றார் பீவி ஜான். "கறி வேகவே குக்கர்ல ஏழெட்டு விசில் வேணுமே. ஆமா, நான் வாங்கிக் குடுத்த குக்கர் எங்க?"

சுமைரா மின்விசிறியைப் பார்த்தாள்.

"குக்கர் தேவைப்படாது மாமி" என்று சொல்லிவிட்டு ஃபரீத் ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் பறந்தான்.

உண்மையிலேயே தேவைப்படாது. அதை அவன் தன் தொழிலிலிருந்தே கண்டுபிடித்தான். மருந்தில் பருமனான பொடி மெதுவாக எரியும், மாவு போன்ற பொடி சட்டென்று எரியும். சூடு உள்ளே போகவேண்டிய தூரம் குறைகிறது, அவ்வளவுதான். கறியும் அப்படித்தானே? பெரிய துண்டுக்குக் குக்கர் வேண்டும். ஒருதரத்துக்கு இருதரமாக மிஷினில் விட்டு எடுத்த கொத்துக்கறிக்குத் திறந்த சட்டியே போதும். மளிகைக் கடையில் சாய்வாக வெட்டிய மக்ரோனிக் குழாய்களைக் கையில் கொட்டிப் பார்த்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே மருந்து செலுத்தாத வெறுங்குழாய். கறி பொடியாக இருந்தால் இதற்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் வேலைக்குப் போகிற மாதிரியே தயாரானான். பருத்திச் சட்டை மாற்றினான். செருப்பை வெளியே விட்டான். பின்கதவை விரியத் திறந்து வைத்தான், பக்கத்தில் ஒரு வாளி மணல். அடுப்படிக்குள் நுழையுமுன், நிலைப்படிக்குப் பக்கத்திலிருந்த பித்தளைத் தண்ணீர்க் குழாயை ஒருமுறை தொட்டான். கம்பெனியில் மருந்து ரூம் வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் பொறியாகத் தெறிக்காமல் பூமிக்கு இறங்கிவிட, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் செம்புத் தகடு இல்லை. பித்தளைக் குழாய் இருந்தது.

உதவிக்கு வந்த சுமைராவைத் தடுத்தான். "ஒரு ரூமுக்கு ஒரு ஆளு. வெளிய இரு."

"மச்சான், வெங்காயம் வெடிக்காது."

"சட்டம்னா சட்டம்."

கனமான அலுமினியச் சட்டியில் எண்ணெய் காய்ந்தது. சோம்பு, பட்டை, பொடியாக அரிந்த வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது. பிறகு கொத்துக்கறி. இரும்புக் கரண்டி அவன் கைக்கு ஆகாது, மரக் கரண்டிதான். கறி முதலில் தண்ணீர் விட்டு, சாம்பல் நிறத்தில் களகளவென்று கொதித்தது. அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் தக்காளியைப் போட்டுக் கெடுப்பார்கள். ஃபரீத் காது கொடுத்து நின்றான். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. கறி வேகும், சிவக்காது. தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறியது. களகளப்பு போய்ச் சடசடவென்று பொரிந்தது, வாசனை முன்னறைக்குப் போனது.

"சும்மா சொல்லக் கூடாது, வாசனை வருது" என்று பீவி ஜானின் குரல் கேட்டது.

"நான்தான் சொன்னேன்ல" என்றாள் சுமைரா.

தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு. வயிறு எரிகிறவளுக்காக மிளகாயைப் பாதியாக்கி, ஒரு குவளை தேங்காய்ப்பால் விட்டான். தண்ணீர் ஊற்றினான். கொதி வந்தது. இனி மக்ரோனி.

இங்கேதான் ஃபரீத் சறுக்கினான். அவன் சறுக்கியதை வேறு எந்த ஊர்க்காரனும் சறுக்கியிருக்க மாட்டான்.

மருந்து ரூமில் மொத்தச் சரக்கையும் ஒரே இடத்தில் குவிப்பது பெரும் பாவம். சரக்கு வேறு கட்டடத்தில் இருக்கும். கொஞ்சம் எடுத்துவர வேண்டும், கலக்க வேண்டும், அனுப்ப வேண்டும். அப்புறம்தான் அடுத்த லோடு. இத்தனை வருடப் பழக்கம் கைக்குள் உட்கார்ந்திருந்தது. மக்ரோனிப் பொட்டலத்தை அவன் முன்னறையில், மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். வந்தான், இரண்டு கை அள்ளினான், போய்ச் சட்டியில் போட்டான், நிதானமாகக் கிளறினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தான், அள்ளினான், போனான்.

மூன்றாம் தடவை வந்தபோது பீவி ஜானுக்குப் பொறுக்கவில்லை. "என்ன மாப்பிள்ளை, கோழிக்குத் தீனி போடுறீகளா?"

"இல்ல மாமி, லோடு லோடா..." என்று ஆரம்பித்தவன் அள்ளியதோடு திரும்பினான்.

இவன் சொன்னதைக் கேட்டுச் சுமைரா நிமிர்ந்தாள். "மச்சான், எல்லாத்தையும் ஒண்ணாப் போடலையா? மொதல்ல போட்டது என்னத்துக்கு ஆகும்?"

ஃபரீத் ஓடினான். முதலில் போட்ட குழாய்கள் குழாயாகவே இல்லை. குழைந்து, பிரிந்து, குழம்போடு கரைந்துகொண்டிருந்தன. இரண்டாவது லோடு மெத்தென்று ஆகிவிட்டது. மூன்றாவதைப் பொட்டலத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம், ஆனால் அது இப்போது அவன் கையிலிருந்து சட்டிக்குள் விழுந்துவிட்டது. சட்டியில் இருந்தது மூன்று பேர் சாப்பிடவும் காணாது. வேறு வழியின்றிப் பொட்டலத்தையே எடுத்துவந்து மிச்சத்தையும் கொட்டினான். கடைசியாகப் போட்டவை கல்போலக் கிடந்தன.

தண்ணீரோ வற்றிவிட்டது. கரைந்த மக்ரோனியின் மாவு குழம்பைக் களியாக்கிவிட்டது. இன்னும் தண்ணீர் ஊற்றினால் சுவை செத்துவிடும், முதல் இரண்டும் கூழாகிவிடும். ஊற்றாவிட்டால் கடைசி லோடு பல்லை உடைக்கும். ஒரே ஒரு வழிதான் இருந்தது. அடுப்பைச் சிறிதாக்கி, சட்டியை மூடி, மேலே போகிற ஆவியைப் பிடித்துத் திரும்பக் கீழே இறக்க வேண்டும்.

மூட வேண்டும்.

ஃபரீத் தட்டு மூடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். முன்னறையில் அந்தக் காலிப் பை நாற்காலியில் தொங்கியது அவன் கண்ணில் பட்டது. இது கட்டு இல்லை, சணல் இல்லை, பூட்டு இல்லை, சும்மா ஒரு தட்டு, ஆவி தள்ளினால் தானே தூக்கிக்கொள்ளும் என்று தன் கால்களுக்கு எடுத்துச் சொன்னான். தீயைக் குறைத்து மூடியை வைத்தான். அது உட்கார்ந்த அடுத்த நொடி அவன் பின்கதவுக்கு வெளியே இருந்தான், கையில் மணல் வாளியோடு.

உள்ளே மூடி டக டகவென்று ஆடத் தொடங்கியது.

"என்ன தம்பி, வாளியோட வெளிய நிக்கீக?" என்று ராமுத்தாய் அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"காத்து வாங்குறேன்க்கா."

"மணலுக்கா?"

அவன் வாளியைக் காலுக்குப் பின்னால் நகர்த்தினான். மூடியின் ஆட்டம் நின்று, விளிம்பில் ஆவி மெல்லிசாகக் கசிந்தபோது உள்ளே போய் மூடியைத் தூக்கினான். சட்டி முழுசாக இருந்தது. அவனும் முழுசாக இருந்தான்.

தட்டில் விழுந்தது மக்ரோனி என்று சொல்லத் தைரியம் வேண்டும். முதல் லோடு கரைந்து குழம்பை நெய்போலப் பளபளவென்று திரட்டியிருந்தது. மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதத்தில். குழாய்களுக்குள் கொத்துக்கறி போய் அடைந்திருந்தது. சுமைரா ஒரு வாய் எடுத்தாள். இரண்டாம் வாய். மூன்று. நாலாம் வாயில் அவள் நின்றாள். பீவி ஜானின் பார்வை பைக்குப் போனது.

"என்ன?" என்றான் ஃபரீத்.

"ஒண்ணு மெத்துன்னு இருக்கு, ஒண்ணு நறுக்குன்னு கடிபடுது. அடுத்து எது மாட்டும்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுச் சுமைரா ஐந்தாவது வாயை எடுத்தாள். வழக்கமாக நாலு வாயில் சலித்துவிடுகிறவளுக்கு இன்று சலிக்கவே இடம் கிடைக்கவில்லை. கடைசியில் தட்டை விரலால் வழித்து நக்கிவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றாள்.

பீவி ஜானும் தன் தட்டில் கொஞ்சம் வைத்துக்கொண்டார். "நோன்புக் கஞ்சிக்குள்ள பட்டாசுக் குழாய் விழுந்தாப்புல இருக்கு" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டார்.

"அடுத்த தடவை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுருவேன் மாமி."

"வேணாம் மச்சான்! இப்படியே பண்ணு" என்றாள் சுமைரா.

பீவி ஜான் ஆலங்குளத்துக்குப் போன் போட்டார். "ஏங்க, அவ ஒம்பதாம் மாசம்தான் வருவா. ஆமா, தின்னா, நானே பாத்தேன். இல்ல, மாப்பிள்ளைதான் ஆக்குனாரு." அந்தப் பக்கம் சுமைராவின் அத்தா காதர் பாட்சா சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. பேசிக்கொண்டே பீவி ஜான் காலைத் தோசைக்கு ஊறப்போட அரிசி தேடி அடுப்படிக்குள் போனார். பேச்சு பாதியில் நின்றது.

வெளியே வந்தபோது இரண்டு கையிலும் குக்கரைத் தூக்கியிருந்தார். உள்ளே அரிசி சலசலத்தது.

"இது என்ன மாப்பிள்ளை?"

சுமைரா மறுபடி மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: வெயிட், ஆணி, ரப்பர் வளையம், தட்டோடு வாசலில் நிற்பது எல்லாம்.

"மக்ரோனி சரி" என்றார் பீவி ஜான். "ஆனா பிள்ளத்தாச்சிக்கு எலும்பு சூப்பு வேணும். எலும்ப மிஷின்ல விட்டு அரைக்க முடியாது, குக்கர்தான். அத நீங்க வச்சுக் குடுக்கிறதப் பாத்துட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்."

மறுநாள் காலை ஃபரீத் குக்கரிலிருந்த அரிசியை வேறு டப்பாவுக்கு மாற்றி, கறிக்கடையில் வாங்கிவந்த எலும்பைத் தண்ணீரோடு போட்டான், சீரக டப்பாவிலிருந்து வெயிட்டை எடுத்தான், ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து மாட்டினான், மூடியைப் பூட்டினான், அடுப்பைப் பற்றவைத்தான். முதல் விசிலுக்கு அவன் தெருவில் இருந்தான். மூன்றாவதுக்கு வாசலில். ஆறாவது வந்தபோது அடுப்படி நிலைப்படியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

"வெந்துருச்சு, அடுப்ப அமத்தணும்" என்றார் பீவி ஜான். காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். "யாரு போறா?"

சுமைரா கிண்ணத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபரீத் பித்தளைக் குழாயை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனான்.