முதல் தண்ணீர்

கிழக்கு வெளுத்து, ஓடைமீது படிந்திருந்த பனிமூட்டம் மெல்லக் கலைந்து, வீடுகளின் சாளரங்கள் ஒவ்வொன்றாய்க் கண்விழிக்கும் வேளையில், அன்புடைய வாசகரே, அந்நகரின் தாழ்ந்த கோடியிலிருந்த சலவைக்கூடத்தில் பகற்பொழுது தொடங்கி நெடுநேரம் ஆகியிருக்கும். கொதிக்கும் கொப்பரைகளினின்று எழும் ஆவி முகிலெனக் கூரையைத் தடவ, ஈரவிரிப்புகள் கொடிகளில் பாய்மரங்களென விம்ம, கற்றளத்தில் வழியும் நீர் சிறு துளையொன்றின் வழியே சாக்கடைக்குள் இறங்கி, கண்ணுக்கு மறைவாய் ஓடையைச் சேர்ந்துகொண்டிருக்கும். அக்கூடத்தின் அரசி, தெருவார் ‘நுரைக்காரி’ என்றழைத்த பெண். முழங்கைவரை நுரை இல்லாமல் அவளைக் கண்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் கண்டவர்கள் மட்டுமே. அவள் வெளுத்ததைத் தேய்த்து மடிப்பவர் அவள் கணவர். சூடு அவர் தேய்ப்புப்பெட்டியிலும் உண்டு, நாவிலும் உண்டு.

ஒருநாள், தேவாலயத்தில் மணியடித்துப் பணிசெய்யும் கோயில்பிள்ளை, சுளுக்கிய கையில் கட்டோடு வந்து, திருப்பலியின்போது அப்பத்தின் கீழும் கிண்ணத்தின் மேலும் இடும் சிறு துகில்களை அவளிடம் கொடுத்தார். கை நன்றாயிருந்த நாளெல்லாம் அவரே அவற்றை அலசிவந்தார்.

“மொத தண்ணிய மட்டும் சாக்கடையில விட்றாதம்மா. ஆண்டவரோட உடம்பான நற்கருணை பட்ட துணி. மண்ணுல ஊத்திரு.”

“சரிண்ணே. நீங்க மொதல்ல கையப் பாருங்க. மணியடிக்க ஆளில்லாம ஊரே தூங்குது.”

அவர் குறித்தது, வெறும் நீரில் அலசும் முதல் அலசலை. அவள் தொழிலிலோ ‘முதல் தண்ணீர்’ என்பது, வெளுப்புக்காரம் கரைத்துக் கறையைக் கொல்லும் கடுநீர். ஒரே சொல் இருவர் வாயில் இரு பொருள் கொண்டதை இருவரும் அறிந்திலர். அவள் துகில்களைக் காரநீரில் ஊறவைத்துப் பிழிந்து, பின்சுவரோரத்து மண்ணில் மண்டியிட்டு, சிலுவை அடையாளம் வரைந்து, குழந்தையை நீராட்டும் பதமாய் அந்நீரை ஊற்றினாள்.

சிறிது நேரங்கழித்துத் துணி உலர்த்த வந்தவள் திகைத்து நின்றாள். ஈரமண்ணைப் பிளந்துகொண்டு மண்புழுக்கள் வெளியேறி, முறுக்கிய நூலெனச் சுருண்டு, வெளிறி, ஒவ்வொன்றாய் அடங்கிக்கொண்டிருந்தன. இறைவனுக்கென்று பணிந்து ஊற்றிய நீர் கொலைநீராயிற்றே என்று நெஞ்சம் பதைத்தவளுக்கு, அடுத்த எண்ணம் அதனினும் கொடிதாய் வந்தது: இதே நீரைத்தானே நாள்தோறும் கொப்பரை கொப்பரையாய்ச் சாக்கடையில் கவிழ்க்கிறோம்? அங்கே மடிவனவற்றைக் காணக் கண்ணில்லாமற் போயிற்றே!

அன்றே காரப்பீப்பாயின் வாயை அடைத்தாள். கழிநீரால் மண் கருகாத வழலைச் சோப்பும், வெயிலும், தன் கைவலிவுமே இனிப் போதுமென்றாள். துணி தூய்மையாயிற்று, ஆனால் கண்கூசும் வெண்மை போய்ப் பாலேட்டின் நிறம் வந்தது. அவர்கள் பிழைப்பில் பாதி, கண்கூசும் வெண்மையே வேண்டுமென்ற பெரிய விடுதியின் விரிப்புகள்.

“மண்புழுவுக்கு வந்த வாழ்வப் பாரு!” என்று பொரிந்தார் கணவர். “விடுதி வேலை போச்சுன்னா நம்ம அடுப்புல பூனைதான் தூங்கும்.”

“தூங்கட்டுமே. பூனைக்கும் ஒரு எடம் வேணுமில்ல?”

“பேச்சு மட்டும் வெள்ளையா வருது உனக்கு!”

மூன்றாம் வாரம் விடுதி மேலாளர் வண்டியோடு வந்தார். ஒரு விரிப்பை வெயிலில் பிடித்து முகஞ்சுளித்துக்கொண்டிருக்கையில், கோயில்பிள்ளை வாயிலாக நிகழ்ந்ததை அறிந்த பங்குத்தந்தையும் அங்கு வந்துசேர்ந்தார்.

“தப்பு உன்மேல இல்லம்மா,” என்றார் அவர் கனிவுடன். “கோயில் துணிய வெறும் தண்ணியில அலசி ஊத்தினாப் போதும். மத்த துணிக்கு இந்த விதியே கெடையாது.”

“கேட்டியா? சாமியே சொல்லிட்டாரு!” கணவர் முகம் மலர்ந்தது.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். “புரியுது சாமி. நான் தப்பாத்தான் கேட்டுக்கிட்டேன். ஆனா பாத்துட்டேனே? அந்த மண்ணும் ஓடையும் ஆண்டவரு செஞ்சதுதானே? ஞாயித்துக்கெழம அவரை நாக்குல வாங்கிட்டு, திங்கக்கெழம அவரு செஞ்சதுமேல எப்படிக் காரத்த ஊத்துறது?”

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்தார். “நான் இதுவரைக்கும் யோசிக்காத கேள்விம்மா இது,” என்றார்.

“எனக்கு வேண்டியது பளீர் வெள்ளைதாங்க,” என்ற மேலாளர், கணவரிடம் திரும்பினார். “வீட்டுக்குப் பெரியவர் நீங்க சொல்லுங்க. காரம் போடுறோம்னா மூட்டை இங்க எறங்கும். இல்லன்னா இருக்குறதும் வண்டியில ஏறும்.”

அவள் கணவரை நோக்கவில்லை, கெஞ்சவுமில்லை. தெருவார் கொடுத்த விரிப்பொன்றைக் கல்லில் பரப்பி, குனிந்து தேய்க்கலானாள். அவள் குனிந்த முதுகைக் கண்ட கணவர், தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு வந்து, மடித்த விரிப்புகளின் மூட்டையைத் தம் தோளிலேயே தூக்கிச் சென்று வண்டியில் ஏற்றினார்.

“பாத்துக் கொண்டுபோங்க. கசங்கிச்சுன்னா வெளுத்தவளை யாரும் திட்ட மாட்டாங்க, தேய்ச்சவனைத்தான் திட்டுவாங்க.”

வண்டி அகன்றதும் கூடத்தில் பாதி இடம் வெறுமையாயிற்று. நாளைய சோற்றைப் பற்றிய அச்சம் அங்கே வந்து அமர்ந்ததை மறைக்கமாட்டோம். ஆயினும், வாசகரே, பீடத்தின்முன் மண்டியிடுவோர் உலகில் பலர். எழுந்து தம் தொழிற்களத்துக்குச் சென்றபின்னும் அந்தப் பணிவைக் கைகளில் ஏந்தியிருப்போர் மிகச் சிலர். அச்சிலரில் ஒருத்தி நனைந்த கல்லின்முன் குனிந்து நிற்க, தம் சினத்தையும் கவலையையும் ஒருசேர மடித்துவைத்துவிட்டு, அவள் கணவர் விரிப்பின் மறுமுனையைப் பற்றிப் பிழியலானார்.