முகட்டின் ஓரத்துப் புடைப்பு

ஆய்வகத்தில் அவனுக்குச் 'சுத்தக்காரன்' என்று பெயர். துளி அழுக்கு கண்ணில் பட்டாலும் சோறு இறங்காது. கடற்பஞ்சு ஒன்றின் சாறு புற்றுநோய் செல்களைக் கொன்றிருந்தது. கொன்றது அதுதான் என்று எல்லோரும் நம்பிய பெப்டைட் என்ற குட்டிப் புரதத்தை, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துக் குடுவையிலேயே செய்துவிடுவதுதான் அவன் வேலை.

கடற்பஞ்சைக் கொண்டுவந்தது அவன் அண்ணன். ஆழ்கடலில் மூழ்குபவர். கடைசி முறை அவசரமாக மேலே வந்ததில், உடம்புக்குள் காற்றுக் குமிழ்கள் அடைத்து, இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. "நீ செஞ்சு முடிச்சிட்டா இனிமே எவனும் எறங்க வேண்டாம்ல?" என்று அண்ணன் கேட்டபோது தலையாட்டிவிட்டான். ஆட்டிய தலைக்காக மூன்று வருஷம் மாடாய் உழைத்தான்.

பெப்டைட் வந்தது. இயற்கையானதோடு அச்சு அசலாகப் பொருந்தியது. ஆனால் செல்கள் சாகவில்லை, ஜம்மென்று வளர்ந்தன.

தன் கைத்தவறோ என்று சந்தேகம். ஒப்பிட்டுப் பார்க்க, மிச்சமிருந்த சாறு முழுவதையும் கருவியில் செலுத்திக் கூறுகூறாகப் பிரித்தான். கருவி வரைந்த கோட்டில் பெப்டைடைக் காட்டி உயர்ந்து நின்ற முகட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்தில் இருந்த சின்னப் புடைப்பை அழுக்கென்று கழிவுக் கேனில் விட்டான். வேறு யாராக இருந்தாலும் ஒரு குப்பியில் எடுத்து வைத்திருப்பார்கள். சுத்தமான இயற்கைப் பெப்டைடும் ஒரு செல்லைக்கூடக் கொல்லாதபோதுதான் அவனுக்கு உறைத்தது. கொன்றது அந்தப் புடைப்பு. கழிவு வண்டி முந்தாநாளே கேனை ஏற்றிப் போயிருந்தது. அண்ணனின் கால்களையே ஏற்றி அனுப்பியதுபோல் இருந்தது அவனுக்கு.

"ஆனது ஆச்சு. இன்னும் ரெண்டு கிலோ கடற்பஞ்சு வேணும். உங்க அண்ணன்கிட்ட எடத்தக் கேட்டு வாங்க" என்றார் ஆய்வகத் தலைவி.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, அண்ணி அண்ணனைப் புரட்டிப் படுக்கைப்புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை செய்யுதாடா?"

"இல்லண்ணா. வேலை செஞ்சத நானே கழுவி ஊத்திட்டேன். மறுபடி கடல்லேர்ந்துதான் எடுக்கணுமாம்."

அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெளக்குப் பாறைக்கு வடக்க, நாப்பது மீட்டர் ஆழம். பாறையில ஒரு வெடிப்பு இருக்கும், அதுக்குள்ள. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டான்.

"யார எறக்கப் போறீங்க?"

"இன்னும் முடிவாகல."

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "பொண்டாட்டி புள்ள இல்லாதவனா பாத்து எறக்குடா."