இரட்டை ஆறும் ஒரு கீச்சும்

1

இந்தக் கதை கடிதமாகப் பிறந்தது. "அக்கா, வீட்டு ஏ.சி. கன்னாபின்னான்னு சத்தம் போடுது. மெக்கானிக்கைக் கூப்பிடணுமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?" என்று என் தங்கை மங்கை கேட்டிருந்தாள். வழக்கம்போல வரிசை போட்டுப் பதில் எழுதினேன்.

முதலாவது, கடகடவென்றால் திருகு தளர்ந்திருக்கும், நீயே முடுக்கு. இரண்டாவது, கீச்சென்றால் உள்ளே மோட்டாருக்குச் சீக்கு, ஆளைக் கூப்பிடு. மூன்றாவது, கருகல் வாடை வந்தால் முதலில் அணை, பிறகு கூப்பிடு. நாலாவது,

இங்கே பக்கத்து வீட்டு நூரிஸ் நினைவுக்கு வந்தாள். கடிதம் நின்றுபோனது.

2

முதல் தொடக்கம்: "சான் பெத்ரோவில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது." (அடித்துவிட்டேன். நான் குடிவந்த இந்தத் தீவு ஊரில் என்றைக்குப் பிளக்கவில்லை?)

இரண்டாவது: "நூரிஸின் கணவர் எலிஹியோ சர்க்கரை ஆலையில் நாற்பது வருடம் இயந்திரம் பழுது பார்த்தவர், தன் வீட்டுக்குள் இன்னொரு மெக்கானிக்கை விட்டதில்லை." இது இருக்கட்டும்.

ஜன்னல் ஏ.சி. கடகடத்தபோது, சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே தான் ஆடும் டோமினோவின் புள்ளிக் கட்டை ஒன்றைச் சொருகினார். அடங்கியது. அடுத்த மாதம் இன்னொன்று. இப்போது நான்கு. கடைசியாகப் போனது, இரண்டு பாதியிலும் ஆறு புள்ளி வைத்த இரட்டை ஆறு.

(இரட்டை ஆறு விழாமல் இங்கே முதல் ஆட்டம் தொடங்காது. ஆகவே போன நான்கு கட்டைக்கும் பதிலாகப் புள்ளி வைத்த பீர் மூடிகள். மூடி யார் கையில் இருக்கிறதென்று மேசைக்கே தெரியும்.)

"யோவ் எலிஹியோ, உன் பொண்டாட்டிக்குக் குளிரணும்னு நாங்க மூடி வச்சு ஆடணுமா?" என்றார் எதிர்வீட்டு செயோ.

"தோக்குறவனுக்கு மூடியென்ன, கட்டையென்ன! போடுய்யா."

3

நூரிஸை முதலில் கத்துகிறவளாக எழுதினேன். பொய். அவள் சத்தமாகக் கொட்டாவிகூட விடமாட்டாள்.

ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு, பெட்டிக்குள்ளிருந்து ஊசி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"கிழவா, கீச்சு கீச்சுங்குதே, கேக்கல?"

"எங்க? பட்டு மாதிரி ஓடுது. வச்சது யாரு கட்டை!"

வீம்பு என்றுதான் நினைத்தாள். அப்போது அவர் மடியிலிருந்த செல்போன் குருவிபோலக் கூவியது. எலிஹியோ தன்பாட்டுக்கு ஆடுநாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தார். அது கூவி ஓய்ந்தது.

வீம்பு இல்லை. கடகட கேட்கிறது, கீச்சு கேட்கவில்லை. ஆலை அவர் காதில் பாதியை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அது அவருக்கே தெரியாது. நூரிஸுக்கு ஏ.சி. மறந்துபோனது.

4

முடிவு அ: அவர் டோமினோ ஆடப் போன நேரத்தில் மெக்கானிக் வில்கினை வரவழைத்து மோட்டாரை மாற்றிவிடுகிறாள். எல்லாம் தன் கட்டையின் மகிமை என்று அவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். (சுகமான முடிவு. ஆனால் நாளைக்குத் தெருவில் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தால் அவருக்குக் கேட்குமா? இதையும் அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: மோட்டார் கருகி, அறையெல்லாம் புகை (இல்லை. இருவரும் உள்ளே இருக்கிறார்கள்.)

முடிவு இ:

"கிழவா, நான் வில்கினைக் கூப்பிடப்போறேன்."

"எதுக்குடி? அப்படி என்ன சத்தம்? நீயே கத்திக் காட்டு, பாப்போம்!"

சிரித்துக்கொண்டே காதருகே கையைக் குவித்து அவள் பக்கம் சாய்கிறார். என் ஜன்னலிலிருந்து பார்த்தது இவ்வளவுதான். உடனே திரையை இழுத்துவிட்டேன்.

மங்கை, உள்ளபடி மெல்லிய கீச்சாகக் கத்தினால் அவருக்குக் கேட்காது. அவள் வாய் அசைவதைப் பார்த்தே தன் காது போனதைப் புரிந்துகொள்வார். தடித்த குரலில் கத்தினால் கேட்கும். சிரிப்பார், வில்கினையும் வரவிடுவார். காது போனது மட்டும் அவருக்குத் தெரியாமலே இருக்கும். உன் கேள்விக்கு நாலாவது பதில் இங்கேதான் வரவேண்டும். எந்தக் குரல் என்று நீயே எழுது.

நூரிஸ் கத்துவதற்கு மூச்சை உள்ளே இழுத்துவிட்டாள். சீக்கிரம்.