பதினான்கு துளைகள்

முப்பத்தோரு வருடம் ஒருவர் ட்யூப் தொழிற்சாலையில் தர ஆய்வு அதிகாரியாக இருந்துவிட்டால், உலகத்தில் எங்கே துளையைக் கண்டாலும் அது குற்றமாகத்தான் தெரியும். சைக்கிள் ட்யூப், லாரி ட்யூப் எல்லாவற்றையும் காற்றடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, ஒற்றைக் குமிழி வந்தாலும் ‘கழிவு’ என்று முத்திரை குத்தியவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தக் கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. தெருவில் அவருக்குப் பஞ்சர் சார் என்று பெயர். அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவர் காதில் விழாமலும் இருந்ததில்லை.

வீடு, நகரத்தை ஒட்டிய பழைய குடியிருப்பில் ஒரு சரிவின் மேல் இருந்தது. பின்பக்கத் தோட்டம் சமையலறைத் தரையைவிட மார்பளவு உயரம். அந்த மண் சரிந்து வீட்டுக்குள் விருந்துக்கு வந்துவிடாதபடி ஐம்பது வருடமாக ஒரு கல்சுவர் தாங்கிக்கொண்டிருந்தது. கலவை உதிர்ந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் நிலை வந்ததும், பிரித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. முடிவெடுத்தவர் அதிகாரியின் மனைவி. கொத்தனாரைக் கூட்டிவந்தவர் மனைவியின் தம்பி.

சங்கடம் அங்கேதான். மைத்துனருக்கு ஏதோ ஒரு விஷயம் தெரியும் என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து அதிகாரி ஒப்புக்கொண்டதே இல்லை. இப்போது மைத்துனர் பார்த்த ஆள், மைத்துனர் சொன்ன மாதிரி, ஒன்பதே நாளில், கண்ணை உறுத்தாத ஒரு சுவரைக் கட்டி நிறுத்திவிட்டான். அதிகாரி ஒன்பது நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். தூக்குநூல் விட்டுப் பார்த்தார். ரசமட்டத்தை வாங்கிக் குமிழியை உற்றுப் பார்த்தார். குறை என்று ஒன்று அகப்படவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி நாள் மாலை, கொத்தனாரும் பிறகு சித்தாளும் கிளம்பிப் போனதும், அவர் குனிந்து செருப்பு மாட்டும்போது பார்த்தார். ஒன்பது நாளும் மணலும் ஜல்லியும் குவிந்து மறைத்திருந்த அடிப்பகுதியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவர் நெடுக, இரண்டு விரல் அகலத்தில் ஓட்டைகள். எண்ணினார். பதினான்கு.

வேறொருவர் கொத்தனாரைக் கூப்பிட்டு ஏனென்று கேட்டிருப்பார். கேட்டால் அவன் ஏதாவது காரணம் சொல்வான். காரணம் சொல்லாத ஒரு தொழிலாளியை அவர் இதுவரை சந்தித்ததில்லை. ஆகவே கேட்கவில்லை. மறுநாள் மனைவி தம்பி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மிச்சமிருந்த அரை மூட்டை சிமெண்டில் கொஞ்சம் குழைத்து, பழைய கரண்டி ஒன்றால் பதினான்கையும் அடைத்தார். அடைத்தது என்றால் சும்மா அப்பியது அல்ல. குச்சியால் உள்ளே குத்திக் குத்தி, காற்றுகூடப் புகாதபடி அடைத்தார். ஈரம் காய்வதற்குள் ஆணியால் ஒவ்வொன்றின் மேலும் வரிசை எண் போட்டு, கீழே சுருக்கொப்பம் கீறினார். கையெழுத்தில்லாத ஆய்வு ஆய்வாகுமா? மைத்துனர் அடுத்த முறை வாயைத் திறக்கும்போது வரிசையாகக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை.

நான்காம் நாள் காலையில் மனைவி பின்கதவைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டார். சுவரின் நடுப்பகுதி நான்கு விரற்கடை முன்னால் வந்து, நிறைமாதக்காரி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலுக்கும் சுவருக்கும் இடையே ஆறடிதான்.

“என்னங்க, இது விழுந்தா அடுப்பங்கரைக்குள்ளதான் விழும்.”

“விழட்டும்,” என்றார் அதிகாரி. வீடு விழுவதைப் பற்றி இவ்வளவு மலர்ச்சியோடு யாரும் பேசி மனைவி கேட்டதில்லை. “உன் தம்பியைக் கூப்பிடு. அவன் கூட்டிட்டு வந்த ஆளையும் வரச் சொல்லு.”

பத்து மணிக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மைத்துனர் ஸ்கூட்டரை நிறுத்திய கையோடு கேட்டார். “என்ன மாமா, போன்ல ஒண்ணுமே சொல்லலையே?”

“சொல்ற விஷயமில்ல மாப்ளே, பாக்கிற விஷயம். பாரு. நல்லாப் பாரு. நீ பொறுக்கி எடுத்த ஆளு கட்டின சுவரு.”

மைத்துனர் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. “மேஸ்திரி, இந்தத் தெருவுல இன்னும் நாலு வீட்டுக்கு உங்களைச் சொல்லி வெச்சிருக்கேனே,” என்றார் மெதுவாக.

கொத்தனார் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். காதை வைத்துக் கேட்டார். மேலே ஏறித் தோட்டத்து மண்ணில் கம்பியைக் குத்தி இழுத்தார், சொதசொதவென்று வந்தது. இறங்கி வந்து அதிகாரியிடம் கேட்டார்.

“சார், மழை பேஞ்சப்ப அடியில தண்ணி எப்படி வந்துச்சு? கொட்டுச்சா, கசிஞ்சுச்சா?”

“ஒரு சொட்டு வரல.”

“ஒரு சொட்டு கூடவா?”

“கூட வரல. வானத்துத் தண்ணி மட்டுந்தான். சுவத்துலேர்ந்து ஒரு கசிவு கெடையாது. அந்த விஷயத்துல சந்தேகமே வேண்டாம்.” முப்பத்தோரு வருடம் இதைச் சொல்லித்தான் அவர் சம்பளம் வாங்கினார்.

“அப்ப மூணு நாள் மழையும் சுவத்துக்குப் பின்னாலதான் நிக்குது,” என்றார் கொத்தனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மழை தெறித்துச் சேறு அப்பியிருந்த அடிப்பகுதியைத் தடவிக்கொண்டே போனார். “பதினாலு ஓட்டை விட்டேன். ஒண்ணையும் காணோம்.”

“ஓட்டை எதுக்கு மேஸ்திரி?” என்று கேட்டார் மைத்துனர். தெரியாததைத் தெரியாது என்று கேட்கிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

“தண்ணி போகத்தாங்க. மண்ணை எவ்வளவு வேணாலும் சுவரு தாங்கும். தண்ணி தேங்கினா தாங்காது. பழைய சுவருல சந்து சந்தா இருந்துச்சு, அது வழியா போச்சு. புதுசுல நாமதான் வழி விடணும். பின்னாடி ஜல்லி கொட்டி, அளவு பாத்து வெச்சேன். அடைச்சா இப்படித்தான் வயித்தைத் தள்ளும்.”

அதிகாரி தொண்டையைச் செருமினார். வேண்டுமென்றே விடப்பட்ட ஓட்டை என்று ஒன்று இருக்கலாம் என்பது அவருக்கு இந்த நிமிடம் வரை தோன்றியதில்லை. சேற்றுக்கு அடியில் ஒன்று முதல் பதினான்கு வரை அவர் கையெழுத்து வரிசையாக இருக்கிறது. இப்போதைக்கு அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கொத்தனார் எழுந்து சித்தாளைப் பார்த்தார். நாற்பது தாண்டிய பெண். சும்மாட்டுத் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஓரமாக நின்றாள்.

“கடைசி நாள் நான் போனதுக்கப்புறம் மிச்சக் கலவைய என்ன பண்ணின?”

“கொட்டிட்டேன் மேஸ்திரி.”

“கொட்டினியா, ஓட்டையில அப்பினியா?”

“நான் எதுக்கு அப்புறேன்? இருபது வருசமா கல்லு சுமக்கிறேன். ஓட்டை எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியும்ல? பின்ன காத்து வந்து பூசிட்டுப் போச்சா?”

“அந்தம்மா அன்னிக்கு மண்வெட்டியைக் கழுவி வெச்சுட்டு அப்படியே போனாங்க. நான் பாத்தேன்,” என்றார் அதிகாரியின் மனைவி.

“உங்களுக்குத் தெரியாதும்மா. போன வருசமும் ஒருத்தி இப்படித்தான் பண்ணினா. என் பேரு போச்சு.” கொத்தனார் சித்தாளிடம் திரும்பினார். “நாளையிலேர்ந்து நீ வராத.”

அவள் சும்மாட்டுத் துணியை இன்னும் ஒரு சுற்று சுருட்டினாள்.

அதிகாரி மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கையாகச் சில துளைகள்’ என்று அது தொடங்கியது. அதற்குமேல் நகரவில்லை. அவர் அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் அவர் பக்கம் வந்தார்.

“சார், எதையும் கவனிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்களே சொல்லுங்க. இவ போனப்புறம் அங்க ஓட்டை இருந்துச்சா, இல்லையா?”

“நான் கவனிக்கல,” என்றார் அதிகாரி.

முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து மனைவி கேட்டதில்லை. சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தாலும், பக்கத்து வீட்டு ஜன்னல் திரை மாறினாலும் கவனிப்பவர். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

சித்தாள் தொட்டியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு வந்து சுவரடியில் உட்கார்ந்தாள். “யாரு பூசினாலும் கை தெரியும்,” என்று சொல்லிக்கொண்டே சேற்றைக் கழுவித் துடைத்தாள். கழுவிய கை நடுவில் நின்றது. குனிந்து பார்த்தாள். உள்ளங்கையை அந்த இடத்தின் மேல் அப்படியே வைத்துக்கொண்டு, அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், இங்க ஏதோ எழுதியிருக்கு. எனக்குக் கண்ணு சரியில்ல. நீங்க வந்து படிங்க.”

அவர் போய் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. அவள் கையை லேசாக, அவருக்கு மட்டும் தெரியும்படி விலக்கினாள்.

“ஏழு,” என்றார்.

“அதுக்குக் கீழ?”

கண் சரியில்லாதவளுக்குக் கீழேயும் ஒன்று இருப்பது எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. அவள் கை இன்னும் மறைத்துக்கொண்டுதான் இருந்தது. கொத்தனார் எட்டிப் பார்க்க நெருங்கினார்.

“கீழ இருக்கிறது என் கையெழுத்து,” என்றார் அதிகாரி. குரல் உயரவில்லை. “அடைச்சது நான்தான். இவங்க இல்ல.”

யாராவது சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். மைத்துனர் பூந்தொட்டி ஒன்றை நகர்த்தி வைப்பதில் மும்முரமாகிவிட்டார். கொத்தனார் வானத்தைப் பார்த்தார்.

“பதினாலுமா?” என்று கேட்டார் மனைவி.

“பதினாலும்.”

“சரி, சரி,” என்றார் கொத்தனார். “முட்டுக் கொடுக்கணும். வண்டியில கம்பம் இருக்கு, நாலு கொண்டா.”

சித்தாள் எழுந்திருக்கவில்லை. “நாளைக்கு வரணுமா, வேண்டாமா? மொதல்ல அதைச் சொல்லுங்க.”

கொத்தனார் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “வா. வராம என்ன.”

கம்பங்கள் வந்தன. வயிறு தள்ளிய இடத்துக்கு நான்கு முட்டுக் கொடுத்தார்கள். நடுவில் பத்தடி பிரித்துத்தான் கட்ட வேண்டும், அதற்கு முன்னால் தண்ணீர் வடிய வேண்டும் என்றார் கொத்தனார். முதலில் ஓரத்து ஓட்டைகளைத் திறக்கலாம் என்று அவர் உளியை எடுத்தபோது, சித்தாள் அதை வாங்கி அதிகாரியிடம் நீட்டினாள்.

“எவ்வளவு ஆழத்துக்கு அடைச்சீங்கன்னு உங்களுக்குத்தான் சார் தெரியும்.”

மறுக்கும் நிலையில் அவர் இல்லை. ஒன்றாம் எண்ணின் முன்னால் உட்கார்ந்து கொத்தினார். தன் வேலையின் தரம் எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அரை மணி நேரத்தில் அரைச்சாண் போனது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

“போதும்னு நெனைக்கிறேன்,” என்றார்.

சித்தாள் கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தாள். “ஆகாது. ஜல்லி தட்டுப்படணும். இன்னும் உள்ள.”

கொத்தினார். திடீரென்று பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, சட்டையை நனைத்து, வாசலில் ஓடியது. அவர் நகரவில்லை. தண்ணீர் குறைந்து ஒரே சீராக ஒழுகத் தொடங்கும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்கதவில் மனைவி வந்து நின்றார். “என்னங்க, உக்காந்து செய்ய மணை ஏதாவது வேணுமா?”

“வேண்டாம்,” என்றார் அதிகாரி.

“குடுங்கம்மா,” என்றாள் சித்தாள். “இன்னும் பதிமூணு இருக்கு.”