மேனுகாவின் வாழ்த்துமடலில் கடைசி வரி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்குகிறது. பொய்யை எழுதியவன் நான்தான். எழுதி, அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு யாழ்ப்பாணத்துக் கடையொன்றுக்கும் அனுப்பியாகிவிட்டது.

நெடுந்தீவில் என்னைக் கதாசிரியன் என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வெளியிட்டேன். கட்டுக்கட்டாகக் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. ஆனால் வாழ்த்துமடல் எழுதுகிறவன் வீடு எது என்று இறங்குதுறையில் கேட்டுப் பாருங்கள், கூட்டிக்கொண்டே வந்து விடுவார்கள். பள்ளிக்கூட அதிபர் ஓய்வு பெற்றாலும், தேவாலயத்துப் பாதர் மாற்றலாகிப் போனாலும், யாராவது பட்டம் வாங்கினாலும் மேடையில் வாசித்துக் கையில் கொடுக்க ஒரு மடல் வேண்டும். கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் நான் எழுதிக் கொடுப்பேன்.

கடைசியாக எழுதியது மேனுகாவுக்கு. மேனுகா யார் என்று சொல்ல மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கடல் சூழ்ந்த தீவொன்றில் ஒரு சிறுமி… [கடல் சூழாத தீவு எங்கே இருக்கிறது? வேண்டாம்.]

(ஆ) கடற்றொழிலாளி சவிரிமுத்துவின் மகள் முப்பாய்ச்சல் பாயத் தொடங்கியபோது அவளுக்குச் சப்பாத்துக்கூட இல்லை, அதனால் வெறுங்காலோடு… [உங்களை அழவைக்கப் பார்க்கிறேன். சப்பாத்து இருந்தது. தாய் வாங்கிக் கொடுத்தது. சிவப்பு நிறம்.]

(இ) மேனுகா அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்காக நாலு வருடம் முப்பாய்ச்சல் (ஓடிவந்து மூன்று எட்டில் தாண்டுவது) பாய்ந்தாள். அந்தப் பாய்ச்சலுக்காகவே அவர்கள் அவளுக்குப் புலமைப்பரிசில் கொடுத்துப் படிப்பித்தார்கள். வருகிற சனிக்கிழமை பட்டம் வாங்குகிறாள்.

மூன்றாவதில் அலங்காரம் இல்லை, உண்மை இருக்கிறது. அதையே வைத்துக்கொள்வோம்.

2

மடலைக் கேட்டு வந்தவன் நிருபன். எங்கள் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். சரியான அவசரக்குடுக்கை.

"அண்ணை, நாளைக்குக் காலமை வள்ளத்தில குடுத்துவிடோணும். ஒரு பக்கம் காணும், கூட வேண்டாம். உருக்கமா இருக்கோணும்."

"அவள் படிப்பு முடிய என்ன செய்யப்போறாளாம்?"

"அது நீங்கள் பாத்து எழுதுங்கோவன்!"

பார்த்து எழுதினேன். வாழ்த்துமடலுக்கு ஒரு நடைமுறை உண்டு. முதலில் ஊர்ப்பெருமை, பிறகு பெற்றோர், பிறகு சாதனை, கடைசியில் எதிர்காலம். எதிர்காலத்துக்கு என்னிடம் ஒரே வரிதான் இருக்கிறது. ஆளுக்கேற்ப ஒரு சொல்லை மாற்றுவேன்.* இந்த முறை இப்படி வந்தது: "கற்ற கலையைத் தீவகச் சிறார்க்கு ஈந்திடப் பிறந்த மண் திரும்பும் பெண்ணே, நீ வாழி!"

(* இதே வரியை ஒரு டொக்டருக்கும் எழுதினேன். அவர் ஒஸ்லோவில் இருக்கிறார். மடலும் அவரோடு ஒஸ்லோவில், வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. ஒருவரும் கோபிக்கவில்லை.)

3

இந்த முறை நம்பிவிட்டார்கள்.

நிருபன் மடலைப் படம் எடுத்து வைபர் குழுவில் போட்டான். மேனுகா திரும்பி வருகிறாள், எங்கள் பிள்ளைகளைப் பழக்கப்போகிறாள் என்று ஊர் முழுக்க ஒரே ஆரவாரம். இரண்டாம் நாளே கழகப் பெடியன்கள் மைதானத்து ஓரத்தில் பாய்ச்சல் கிடங்கு, அதுதான் பாய்ந்து விழுகிற மணல் குழி, கிண்டத் தொடங்கினார்கள். நெடுந்தீவில் ஒரு அடிக்குக் கீழே முழுக்கக் கல். கல்லை நெம்பி இரண்டு அலவாங்கு, கடப்பாரை, வளைந்தது. கரையிலிருந்து லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் மணல் வந்து கொட்டுப்பட்டது. "வருக எம் பயிற்றுநர் மேனுகா!" என்று பதாகையும் கட்டினார்கள்.

கிடங்கு உண்மையிலேயே நல்ல கிடங்கு. ஆள் இல்லாத நேரம் பார்த்து நானும் ஒருமுறை ஓடிப் பாய்ந்தேன். [எவ்வளவு தூரம் என்பது கதைக்குத் தேவையில்லை. இடுப்பு இன்னும் நோகிறது.]

4

புதன்கிழமை பின்னேரம் அமெரிக்காவிலிருந்து மேனுகாவின் அழைப்பு. அங்கே காலை. பின்னால் யாரோ பெரிய குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, அது ஃபெயித். என்ர அறையில இருக்கிற கென்யாப் பிள்ளை. அஞ்சாயிரம் மீற்றர் ஓடுறவள். அவளுக்கும் சனிக்கிழமை பட்டம், அதுதான் விடியக் காலமையே பாட்டு." பிறகு குரல் மாறியது. "நான் வைபரில பனர் பாத்தனான். திரும்பி வாறனெண்டு எப்ப உங்களிட்டச் சொன்னனான்?"

"மடலில அப்பிடி ஒரு வழக்கம் பிள்ளை…"

"வழக்கமோ! கிடங்கு கிண்டிப்போட்டாங்கள் மாமா!"

இந்த இடத்தில் அவளை அழவைக்கலாம் என்று நினைத்தேன். [எழுதியும் பார்த்தேன்: அவள் குரல் உடைந்து…] அவள் அழவில்லை. சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூச்சுவிடாமல் சொன்னாள். அவளுடைய கோச் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நில் என்கிறாராம். முதுமாணிப் படிப்பு, பயிற்சி, புதுப் பிள்ளைகளைப் பழக்குகிற வேலையும். வெள்ளிக்கிழமை அவர்களுடைய மத்தியானத்துக்கு முதல் பதில் போக வேண்டும். இங்கே ஓகஸ்டில் தேசிய அணித் தெரிவு இருக்கிறது. வருவதென்றால் இப்பவே வந்து கொழும்பில் பயிற்சி தொடங்க வேண்டும்.

"நானும் ஃபெயித்தும் சுவர் முழுக்கத் தாள் ஒட்டி வைச்சிருக்கிறம், மாமா. இது செய்யலாம், அது செய்யலாமெண்டு. ஒரு கிழமையா நித்திரை இல்லை. பயத்தில இல்லை, புழுகத்தில, சந்தோசத்தில! நாலு வருசமா ஆரோ போட்ட நேரசூசியில ஓடினம். இப்பதான் நாங்களே போடப்போறம்."

"அப்ப என்ன பிரச்சினை?"

"உங்கட வரிதான் பிரச்சினை. நான் நிக்கிறனெண்டால் ஊரை ஏமாத்தினவள். வாறனெண்டால் ஊருக்குப் பயந்து வந்தவள். எதை எடுத்தாலும் அது என்ர முடிவா இருக்காது. அம்மா அறைக்கு வெள்ளையும் அடிச்சிட்டாவாம். அம்மான்ர முகத்தை நினைச்சா எனக்கு ஒண்டும் ஏலாமக் கிடக்கு. நீங்கள் எழுதினதை நீங்களே கழட்டுங்கோ, மாமா."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளை நாலு வருடம் பாய்ந்து சேர்த்ததை நான் ஒரு நிமிடத்தில், யோசிக்காமல், எதுகை மோனை பார்த்து முடித்து வைத்திருக்கிறேன்.

5

வியாழக்கிழமை முதலில் நிருபனிடம் போனேன். கிடங்கில் மணல் சரிசெய்துகொண்டு நின்றான். கடைசி வரி என் கற்பனை என்று சொன்னேன்.

"அண்ணை! ரெண்டு அலவாங்கு!" என்றான். கையிலிருந்த மணலைத் தட்டினான். "கிண்டினது கிண்டினதுதான். பெடியள் பாயட்டும்" என்றுவிட்டுத் தானே ஏறிப் பதாகையை அவிழ்த்தான்.

"இதை என்ன செய்யிறது, அண்ணை?"

"மணலுக்கு மேல விரிச்சு விடும். மாடு வந்து படுக்காது" என்றேன்.

பிறகு மேனுகாவின் தாய். போக முதலே அந்தக் காட்சியை எழுதி வைத்திருந்தேன்: மாக்கிறேற் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு… [அக்கா சேலை கட்டுவது பூசைக்கு மட்டும். அடித்துவிட்டேன்.]

அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"தம்பி, உந்த வரியை நீர் எல்லாருக்கும் எழுதுறனீர். நான் அதை நம்பினனெண்டோ நினைச்சீர்? என்ர பிள்ளை அப்பிடி 'ஈந்திட' எண்டெல்லாம் கதைக்கமாட்டாள்."

"அப்ப அறைக்கு வெள்ளை அடிச்சது?"

"அறை ஊத்தையாக் கிடந்தது, அடிச்சனான். அவள் வந்தால் அவள் படுக்கட்டும். வராட்டி நான் படுப்பன், காத்து நல்லா வரும்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு, அவள் உங்கள் முகத்தை நினைத்துத்தான் தடுமாறுகிறாள் என்றும் சொன்னேன். அப்போதுதான் கத்தி நின்றது.

"எனக்குப் பயந்தோ?" என்றார். "அவளை வள்ளத்தில ஏத்தி விட்ட அண்டைக்கு நான் அழேல்லை, தம்பி. அவள் திரும்பிப் பாத்தா கால் நிண்டிடுமெண்டு, பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டனான். இப்ப என்ர முகம் அவளைப் பிடிச்சு வைச்சிருக்கோ?"

இதை நான் கற்பனை செய்திருக்க முடியாது. அப்படியே எழுதியிருக்கிறேன்.

6

அன்றிரவே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மேனுகா பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறாள், பாண்ட் வாத்தியம். இன்னொன்றில் அங்கேயே நின்று பதினாலு மீற்றர் பாய்கிறாள், ஃபெயித் தூக்கிச் சுற்றுகிறாள். மூன்றாவதில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறாள். அது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. மூன்றும் நல்ல முடிவுகள். மூன்றிலும் தீர்மானித்தவன் நான்.

கிழித்துப் போட்டேன்.

7

வெள்ளி, பின்னேரம் ஆறு மணி. அக்கா வீட்டு முற்றம். அழைப்பு வந்ததும் முதலில் நான் பேசினேன். "பிள்ளை, கழட்டியாச்சு. பனரும் இல்லை, வரியும் இல்லை. வைபரில உண்மையைப் போட்டாச்சு, கடையிலயும் மடலை நிப்பாட்டியாச்சு. நிருபனும் சுகமா இருக்கிறான்." அவள் சிரித்தாள். "அம்மாட்டக் குடுங்கோ" என்றாள்.

அக்கா போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டு வேலிப்பக்கம் போனார். மேனுகா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பிறகு அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன், ஆனால் எழுதமாட்டேன். நாளைக்குப் பட்டம் வாங்கிய கையோடு அவளே ஊருக்குச் சொல்லப்போகிறாள். காதில் விழுந்த பாதியை மட்டும் தருகிறேன். மற்றப் பாதி உங்களுக்கு.

"ஓம், தனியத்தான் நிக்கிறன். சொல்லு."

(மேனுகா சொல்கிறாள்.)

"அப்பிடியோ!"

(நீளமாகச் சொல்கிறாள்.)

"எடியே! உண்மையாவோ? இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ, உங்கட மகள் சொல்லுறதைக் கேளுங்கோ!"

(தகப்பன் சவிரிமுத்து ஒற்றைச் செருப்போடு ஓடி வருகிறார். அங்கே ஃபெயித் கத்துவது இங்கே எனக்கே கேட்கிறது.)

"பொறுங்கோப்பா, நான் கேக்கிறன். பிள்ளை, இது நீயா எடுத்த முடிவுதானே? ஆருக்காகவும் இல்லையே? எனக்காகவும் இல்லையே?"

(ஒரே ஒரு சொல்.)

"அப்ப எனக்கு அது காணும். என்னோட கதைச்சுக்கொண்டு நில்லாத, போனை வை, கெதியாப் போய் உன்ர கோச்சுக்கு எழுதி அனுப்பு!"