படத்துக்குக் கீழே இருந்த வரி

பழைய புத்தகங்களைப் படம் பிடித்துக் கணினிக்குக் கொடுத்தால், அதுவே எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்துவிடும். பாதியைச் சரியாகப் படிக்கும், மீதியைத் தன் இஷ்டத்துக்குப் படிக்கும். அந்த இஷ்டத்தைத் திருத்துவதற்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அலுவலகம், அதில் ஆஞ்சலாவுக்கு ஒரு நாற்காலி. திரையின் மேல்பாதியில் புத்தகத்திலிருந்து வெட்டிய ஒரே ஒரு வரி இருக்கும், கீழே கணினி படித்தது இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அடுத்த வரி வேறேதோ புத்தகத்திலிருந்து வரும். ஒரே புத்தகத்தைத் தொடர்ந்து கொடுத்தால் ஆட்கள் அதில் லயித்துப்போய்ப் பிழையைக் கோட்டை விடுவார்களாம், அதற்காக இந்த ஏற்பாடு. ஆக, அங்கே புத்தகம் என்று ஒன்றை யாருமே படிப்பதில்லை.

இதை அவள் வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், அந்தப் புத்தகங்கள் வெளியாகும் செயலியை மாமியார் பவுலினின் போனில் ஏற்றிக் கொடுத்து, "இந்த வைத்தியப் புஸ்தகம் நான் பாத்தது அத்தே" என்றாள். கொஞ்சம் பெருமைதான். மருமகள் கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் கிழிக்கிறாள் என்று வீடு இருந்த லிங்கராஜபுரத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்த குறை அன்றைக்குத் தீர்ந்தது.

செவ்வாய்க்கிழமை டீ இடைவேளையில் பவுலினிடமிருந்து செய்தி வந்தது. செயலிப் பக்கத்தின் படம் ஒன்று, கூடவே குரல். "மாமாக்கு ராத்திரி பூரா இருமல்மா. உன் புஸ்தகத்துல போட்ட மாதிரியே மருந்து காய்ச்சிட்டிருக்கேன்."

ஆஞ்சலா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். 'நெஞ்சுச் சளிக்கு: கற்பூரத்தைப் பொடித்து எண்ணெயில் இட்டுக் காய்ச்சி, வடிகட்டி, காலை மாலை ஒரு கரண்டி குடிக்கக் கொடுக்கவும்.'

குடிக்கவா? கற்பூர எண்ணெயைத் தேய்ப்பார்கள். குடித்தால் அது விஷம். பக்கத்தின் அடியில், எதோடும் ஒட்டாமல் ஒரு வரி தொங்கிக்கொண்டிருந்தது. 'நெஞ்சில் தேய்க்கவும், உள்ளுக்குக் கொடுக்கலாகாது.' அந்த வரி அவளுக்கு நினைவிருந்தது. அச்சு பளிச்சென்று இருந்ததால் யோசிக்காமல் பச்சையை அழுத்திய வரி அது.

வீட்டுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. அடுப்படிக்குப் போனால் பவுலின் போனைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டுவிடுவாள். மாமனார் ஆம்ப்ரோஸ் தன் போனை எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. மாடியில் குடியிருக்கும் மௌரீனைக் கூப்பிட்டாள். "கொஞ்சம் கீழ போயி, அத்த காய்ச்சற மருந்த மாமா குடிக்காம பாத்துக்கோங்க. அப்பறம் சொல்றேன், ஓடுங்க." மௌரீன் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. அதோடு தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டால் மணி மட்டும் அடித்தது.

உட்கார முடியவில்லை. இங்கிருந்து ஆட்டோ பிடித்தாலும் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். போனைக் கையில் பிடித்தபடியே டீம் லீட் மஞ்சுநாத்தின் மேசைக்குப் போனாள். முழுப் பக்கத்தைத் திறக்கும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான்.

"உங்களுக்கு லைன் மட்டும்தான்மா. பேஜ் எதுக்கு?"

"எங்க மாமனார் அத குடிக்கப் போறாரு சார்."

அவர் மறுபேச்சில்லாமல் திறந்தார். மஞ்சுநாத்துக்குக் கன்னடம் கலந்த தமிழ் பேச வரும், படிக்க வராது. அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள். பக்கத்தில் செய்தித்தாள் போல இரண்டு பத்திகள். இடது பத்தியின் நடுவே ஆடாதொடைச் செடியின் படம். கணினி படத்தைக் கண்டதும் பத்தி முடிந்துவிட்டதென்று முடிவு செய்து, வலது பத்தியின் தலைக்குத் தாவியிருந்தது. அங்கே இருந்ததோ ஆடாதொடைக் கஷாயத்தின் கடைசி வரி, குடிக்கச் சொல்லும் வரி. கற்பூர எண்ணெய்க்கான 'நெஞ்சில் தேய்க்கவும், உள்ளுக்குக் கொடுக்கலாகாது' என்ற வரியும், அதன் பின் கஷாயத்தின் தொடக்கமும் படத்துக்குக் கீழே இருந்தன. அவற்றைக் கணினி கடைசியில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது.

"லைன் எல்லாம் கரெக்டா?" என்று கேட்டார் மஞ்சுநாத்.

"எல்லாம் கரெக்ட் சார்."

"அப்ப நம்ம எர்ரர் இல்ல. ஆர்டர் மாத்துனது மெஷின். கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடறேன், நாளைக்கு நோடுவாங்க, பாப்பாங்க."

"இப்பவே எடுக்க முடியாதா?"

"ரிஜெக்ட் குடுத்தா ஆப்ல இருந்து புக்கு ஒடனே இறங்கிடும். ஆனா யாரோ ஒருத்தர் பேருல எர்ரர் விழணும். இந்த மாசம் உங்கள பர்மனென்ட் பண்றாங்க, கொத்தா, தெரியுமில்ல?" அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை.

போன் அடித்தது. பவுலின்.

"என்னம்மா, மௌரீன் வந்து கைல இருந்த டம்ளர புடுங்கறா?"

"மாமா குடிச்சாரா அத்தே?"

"எங்க குடிச்சாரு. சூடு ஆறட்டும்னு உக்காந்திருக்காரு."

"கீழ ஊத்திடுங்க. அது தேய்க்கறது. குடிச்சா விஷம்."

பவுலின் பதறினாள். "அய்யய்யோ, சர்ச் கொயர் குரூப்புக்கு வேற அனுப்பிட்டேனேம்மா. இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் இருமல். என் மருமக வரி வரியா பாத்த புஸ்தகம், நம்பிச் செய்யலாம்னு போட்டேன்."

வரி வரியாகத்தான் பார்த்தாள். மாமியார் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஆஞ்சலாவுக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவே கூசியது.

"குரூப்புல இருந்து அழிச்சிடுங்க. எல்லார் நம்பரும் எனக்கு அனுப்புங்க, ஒடனே." போனை வைத்தவள் மஞ்சுநாத் பக்கம் திரும்பினாள். "ரிஜெக்ட் குடுங்க சார். என் பேர போடுங்க."

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்தினார். செயலியிலிருந்து புத்தகம் இறங்கியது. ஆனால் ஏற்கெனவே படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தவர்களை இறக்க அதில் பொத்தான் இல்லை.

எண்கள் வந்து விழுந்தன. பவுலினின் செய்திக்குக் கும்பிடு போட்டு, 'இப்பவே செய்றேன்' என்று பதில் எழுதியிருந்தவள் அன்னா. அவளைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

"அன்னா ஆன்ட்டி, பவுலின் மருமக பேசறேன். அந்த மருந்த யாருக்கும் குடுக்காதீங்க, தப்பா இருக்கு."

"அடுப்புலதான் இருக்கு," என்றாள் அன்னா. ஸ்டவ்வைத் திருகி அணைக்கும் சத்தம் கேட்டது. "ஏம்மா, நீ படிச்சுப் பாத்ததுன்னு பவுலின் போட்டிருந்தாளே?"

"இல்ல ஆன்ட்டி," என்றாள் ஆஞ்சலா. "நான் அத படிக்கவே இல்ல."

அடுத்த எண்ணை அழுத்தினாள்.